பழைய சமையல் நோட்டும் பக்கத்து வயலும்: சிதம்பரம், கடலூர் வட்டாரத்தின் நான்கு வீட்டுச் சமையல்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் பரணையோ அலமாரியையோ ஒழுங்கு செய்தால், மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று அகப்படுவதுண்டு. பாட்டி சொல்ல மகளோ மருமகளோ எழுதி வைத்ததாக இருக்கும். அதை எடுத்துப் படித்து, எழுதியுள்ளபடியே சமைத்துப் பார்ப்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "எல்லாம் போட்டும் அந்த ருசி வரவில்லை."

குறை சமைப்பவர் கையில் இல்லை. நோட்டை எழுதியவர்கள், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று மூன்று செய்திகளை எழுதாமல் விட்டுவிட்டார்கள். முதலாவது, "ஓர் ஆழாக்கு" என்பது எந்த ஆழாக்கு என்பது. இரண்டாவது, அரிசி எத்தனை மாதம் பழகியது, காய் எந்தப் பருவத்தில் பறித்தது என்பது. மூன்றாவது, அடுப்பின் சூடு. அந்த நாளில் அரிசி சொந்த வயலிலிருந்தும், கத்தரி கொல்லையிலிருந்தும், எண்ணெய் ஊர்ச் செக்கிலிருந்தும் வந்தன. ஆகவே எழுத வேண்டிய அவசியம் நேரவில்லை. இன்று அவற்றையும் சேர்த்து எழுதாவிட்டால், நோட்டு இருந்தும் சமையல் மறைந்துவிடும். சமையல் மறைந்தால், அதற்கென்றே பயிரிடப்பட்ட ரகத்தைக் கேட்டு வாங்குவாரும் இல்லாமற் போவர்.

இந்த வட்டாரத்தின் நான்கு சமையல்களை எடுத்துக்கொண்டு, பழைய குறிப்பை எவ்வாறு படிக்க வேண்டும், பொருளை எவ்வாறு தெரிவு செய்ய வேண்டும் என்பது இங்கே விளக்கப்படுகிறது.

ஆழாக்கும் பலமும்

வீட்டுச் சமையலை அளவோடு எழுதி வைப்பதன் அருமையைத் தமிழ்நாட்டுக்கு உணர்த்திய நூல் 'சமைத்துப் பார்'. சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள் அதை 1951-இல் வெளியிட்டார். திருமணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்கள், அருகில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லாதபோது, அதைப் பார்த்தே சமைக்கக் கற்றார்கள். இன்றும் அது அச்சில் இருக்கிறது. அது வெளிவந்த நாளில் கிராமும் லிட்டரும் நம் கடைவீதிக்கு வரவில்லை. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, பின்னரே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே அக்காலத்து நோட்டுகளில் படி, ஆழாக்கு, பலம், வீசை ஆகியவையே காணப்படும்.

இவற்றின் கணக்கு எளிது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. அதாவது படிக்கு 8 ஆழாக்கு. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 200 மி.லி. கொள்ளும். எடையில் 3 தோலா ஒரு பலம். அது சுமார் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை. அது சுமார் 1.4 கிலோ.

ஆனால் படி ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால், அதை விற்றுவிடாமல் அளந்து வைப்பது நல்லது. அதில் தண்ணீர் நிரப்பி, மி.லி. கோடு போட்ட பாட்டிலில் ஊற்றிப் பார்த்தால் அதன் கொள்ளளவு தெரியும். பிறகு அரிசியைத் தலை தட்டி அளந்து, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளவும். 200 மி.லி. ஆழாக்கில் தலை தட்டிய அரிசி 160 முதல் 170 கிராம் இருக்கும். குவித்து அளந்தால் எடை கூடும். நோட்டில் "குவித்து" என்று இல்லையானால் தலை தட்டிய அளவு என்றே கொள்ளலாம்.

"எலுமிச்சங்காய் அளவு புளி", "நெல்லிக்காய் அளவு புளி" என்பனவற்றையும் ஒரு முறை உருட்டி நிறுத்துவிட்டால் போதும். கொட்டையும் நாரும் நீக்கிய புளியில் முன்னது 25 முதல் 30 கிராமும், பின்னது 10 முதல் 12 கிராமும் வரும். வீட்டுக்கு வீடு உருண்டை மாறுமாதலால், பெரியவர்கள் கையாலேயே உருட்டச் சொல்லி நிறுப்பது சிறந்தது.

1. சம்பா சாதம்

சிதம்பரம் நடராசர் கோயிலில் நைவேத்தியமாகப் படைக்கப்படுவது சம்பா சாதமும் கொத்சும். வெங்காயம், பூண்டு சேராதது. மிளகு, சீரகம், நெய், அரிசி என்ற நான்கு பொருளே இதற்கு முக்கியம். நான்கே பொருள் என்பதால் அரிசியின் குறையை மறைக்க வழியில்லை.

பெயரிலேயே பருவம் இருக்கிறது. கொள்ளிடமும் வீராணம் ஏரியும் நீர் தரும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பாவே பெரிய சாகுபடி. பழைய சம்பா ரகங்கள் பகல் குறுகும்போது பூத்து, தை மாதத்தில் அறுவடைக்கு வரும். இதற்குச் சன்ன ரகப் பச்சரிசி வேண்டும். சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா போன்றவை ஏற்றவை. அவை கிடைக்காதபோது, 1986-இல் ஆந்திரத்தில் வெளியிடப்பட்டு இங்கும் பரவிய பி.பி.டி. 5204 ரகத்துப் பச்சரிசியும் உதவும். சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகங்களை இட்லிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரகத்தைவிட முக்கியமானது அரிசியின் வயது. தையில் அறுத்து மாசியில் அரைத்த புது அரிசி குழைந்து ஒட்டும். நெல்லாகவோ அரிசியாகவோ 6 மாதமேனும் இருப்பு வைத்தால் மணி இறுகி, தண்ணீரைக் கூடுதலாக இழுத்து, உதிரியாக வேகும். ஆகவே புது அரிசிக்கு 2 பங்கு தண்ணீரும், பழைய அரிசிக்கு 2½ பங்கு தண்ணீரும் வைக்கவும். நோட்டில் "தண்ணீர் வேண்டிய அளவு" என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான்.

தேவை (4 பேருக்கு): பழைய பச்சரிசி 2 ஆழாக்கு, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, நெய் 3 மேஜைக்கரண்டி, நல்லெண்ணெய் 1 மேஜைக்கரண்டி, முந்திரிப் பருப்பு 10, கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊற வைத்து, உதிரியாக வடிக்கவும். அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி ஆற விடவும். மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடிக்கவும். நைசாக அரைத்தால் சாதம் கறுத்து, காரம் தொண்டையில் நிற்கும். நெய்யைக் காய்ச்சி முந்திரியையும் கறிவேப்பிலையையும் வறுத்து, அடுப்பை அணைத்த பிறகு பொடியைப் போட்டுப் புரட்டவும். பொடி அடுப்பில் தீய்ந்தால் கசக்கும். இதைச் சாதத்தில் கொட்டி, உப்பு சேர்த்து, மணி உடையாமல் அடியிலிருந்து கிளறவும்.

2. கத்தரிக்காய்க் கொத்சு

கொத்சின் உயிர் கத்தரிக்காய். சிறிய, கண்ணுக்குப் பளபளப்பான, விதை முற்றாத காய் வேண்டும். விரலால் அழுத்தினால் இலேசாக உள்வாங்கி மறுபடி எழும்ப வேண்டும். தோல் மங்கி மஞ்சள் சாயல் தட்டிய காயில் விதை முற்றியிருக்கும், கசப்பும் வரும். அதைப் புளியாலும் வெல்லத்தாலும் சரிக்கட்ட முயல்வதே பலரது கொத்சு கெடுவதற்குக் காரணம்.

இந்த மாவட்டம் கத்தரிக்குப் புதிதன்று. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'பாலூர் 1' கத்தரி வெளிவந்தது. சிதம்பரத்தை அடுத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் 'அண்ணாமலை' என்ற ரகமும் உண்டு. கொல்லையில் பத்துச் செடி வைப்போர், நுனித் தண்டு வாடித் தொங்கினால் அதைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். உள்ளே தண்டு, காய்த் துளைப்பான் புழு இருக்கும். துளை விழுந்த காய்களையும் அப்போதைக்கப்போது பறித்துப் புதைத்தால் மறு தலைமுறைப் புழு குறையும். வியாபாரத்துக்குப் பயிரிடுவோரும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை பறித்தால், முற்றல் கலக்காமல் நல்ல விலை கிடைக்கும்.

தேவை: கத்தரிக்காய் 250 கிராம், புளி 15 கிராம், நல்லெண்ணெய் 4 மேஜைக்கரண்டி, கடுகு, மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம். பொடிக்கு: கொத்தமல்லி விதை 1½ மேஜைக்கரண்டி, கடலைப் பருப்பு 1 மேஜைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, வெந்தயம் ¼ தேக்கரண்டி, பெருங்காயம் சிறு துண்டு.

செய்முறை: பொடிச் சாமான்களைச் சிறிது எண்ணெயில் தனித்தனியே சிவக்க வறுத்துப் பொடிக்கவும். கடலைப் பருப்பு உள்வரை வறுபட வேண்டும். வெந்தயம் கருகக் கூடாது. ஆகவே ஒன்றாகப் போட்டு வறுப்பது தவறு. கத்தரியைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் போடவும். வாணலியில் மீதி எண்ணெயைக் காயவைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தண்ணீரை வடித்த கத்தரியைச் சேர்த்து வதக்கவும். மூடி போட்டுச் சிறு தீயில் வைத்தால் 10 நிமிடத்தில் குழையும். மத்தால் ஒன்றிரண்டாக மசிக்கவும். புளியை ஓர் ஆழாக்குத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மஞ்சள் தூள், உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடவும். கடைசியில் பொடியையும் வெல்லத்தையும் போட்டு, 5 நிமிடத்தில் எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கவும்.

எண்ணெய் அதிகம் என்று கருதி வேறு எண்ணெயைப் பாதியாக விட்டால் அது கொத்சாகாது, புளிக்கூட்டாகிவிடும். எள்ளின் மணமே இதற்கு முதுகெலும்பு. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 1 போன்ற எள் ரகங்கள் நம் மாவட்டத்துக்கே உரியவை. வீட்டுத் தேவைக்கு அரை ஏக்கர் எள் போட்டுச் செக்கில் ஆட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் திரும்பினால் நல்லது. வீட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும்போது சின்ன வெங்காயம் சேர்ப்பதும் உண்டு. அப்போது அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

3. திருவாதிரைக் களியும் கூட்டும்

மார்கழித் திருவாதிரையில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடைபெறும். அன்று வீடுதோறும் களி கிண்டுவர். சேந்தனார் என்ற அடியார் தம் வறுமையில் களி படைத்ததும், நடராசர் அதை விரும்பி ஏற்றதும் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வீட்டில் இருந்த அரிசியையும் வெல்லத்தையும் கொண்டு செய்த எளிய உணவே விழாவின் உணவாயிற்று.

தேவை: பச்சரிசி 1 ஆழாக்கு, பாசிப்பருப்பு 1 மேஜைக்கரண்டி, பொடித்த வெல்லம் 1½ ஆழாக்கு, தண்ணீர் 3 ஆழாக்கு, தேங்காய்த் துருவல் ½ ஆழாக்கு, நெய் 3 மேஜைக்கரண்டி, ஏலக்காய் 4, முந்திரி.

செய்முறை: அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் ரவையாக உடைக்கவும். பருப்பையும் வறுத்துக்கொள்ளவும். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அடி கனத்த பாத்திரத்தில் கொதிக்க விடவும். தேங்காயையும் பருப்பையும் போட்டு, ரவையை ஒரு கையால் தூவி மறு கையால் கிளறவும். சிறு தீயில் மூடி வைத்து, வெந்ததும் நெய், ஏலக்காய், வறுத்த முந்திரி சேர்த்துக் கிளறி இறக்கவும். களி உதிரியாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். ரவை கட்டி தட்டினால் தண்ணீர் நன்கு கொதிக்கவில்லை என்று பொருள். வெல்லம் வாங்கும்போது வெளுத்த மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ரசாயனத்தால் வெளுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். பழுப்பு நிற வெல்லமே களிக்கு நிறமும் மணமும் தரும்.

களிக்குத் துணை ஏழு காய் போட்ட புளிக் கூட்டு. பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை என்பது ஒரு வரிசை. இந்த ஏழும் தற்செயலாகச் சேர்ந்தவையல்ல. மொச்சையும் பழைய அவரை ரகங்களும், சம்பா நெல்லைப் போலவே, பகல் குறுகும்போது பூப்பவை. ஆகவே மார்கழியில் காய் மிகுந்திருக்கும். பருவத்தில் கொல்லையில் கிடைத்ததெல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்ததே இந்தக் கூட்டு.

இதில் கற்க வேண்டியது போடும் வரிசை. சேனை, மொச்சை, வாழைக்காய் ஆகியவற்றை முதலிலும், அவரை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றை அடுத்தும், பரங்கி, பூசணியைக் கடைசியிலும் போட வேண்டும். முக்கால் பதம் வெந்த பிறகே புளியை ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் புளிப்பில் காய் இறுகி வேகாது. வெந்த துவரம் பருப்பையும், வறுத்தரைத்த கொத்தமல்லி, கடலைப் பருப்பு, மிளகாய், தேங்காய் விழுதையும் சேர்த்து ஒரு கொதி விட்டுத் தாளிக்கவும்.

4. பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு

சிதம்பரத்திலிருந்து வடக்கே வந்தால் மண் மாறுகிறது, சமையலும் மாறுகிறது. பண்ருட்டிச் செம்மண்ணில் பலாவும் முந்திரியும். கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையில் மீனும் கருவாடும். இரண்டும் சேரும் இடம் இந்தக் குழம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் படகுகள் கடலுக்குப் போகாத நாளில், கோடையில் உலர்த்திய கருவாடும் கோடையில் சேர்த்த கொட்டையும் சோற்றுக்குத் துணையாயின.

கொட்டையைச் சேமிப்பதில் ஒரு முறை உண்டு. பழத்திலிருந்து எடுத்த கொட்டையைக் கழுவி, வழுவழுப்பு நீங்க நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் புதைத்துக் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். ஈரம் பட்டால் முளைத்துவிடும். வெயிலில் காய்ந்தால் சுருங்கிவிடும். வாரம் ஒரு முறை பார்த்துக் கெட்டதை நீக்கவும்.

தேவை: நெத்திலிக் கருவாடு 100 கிராம், பலாக்கொட்டை 12, கத்தரிக்காய் 4, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், தக்காளி 1, புளி 25 கிராம், மிளகாய்த் தூள் 2 தேக்கரண்டி, மல்லித் தூள் 1 மேஜைக்கரண்டி, மஞ்சள் தூள், நல்லெண்ணெய் 3 மேஜைக்கரண்டி, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை.

செய்முறை: கருவாட்டின் தலையைக் கிள்ளி, வெந்நீரில் 10 நிமிடம் ஊற வைத்து, மணல் போக மூன்று நான்கு முறை அலசவும். பலாக்கொட்டையின் மேல்தோலை நீக்கி, இரண்டாக நறுக்கித் தனியே வேக வைக்கவும். எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்தரியை வரிசையாக வதக்கவும். தூள்களைப் போட்டுப் புரட்டி, கரைத்த புளியை ஊற்றி, கொட்டையைச் சேர்த்துக் கொதிக்க விடவும். குழம்பு பாதி வற்றியதும் கருவாட்டைப் போட்டு 7, 8 நிமிடத்தில் இறக்கவும். முன்னதாகப் போட்டால் கரைந்துவிடும். கருவாட்டில் உப்பு இருப்பதால், கடைசியில் ருசி பார்த்தே உப்புப் போட வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைக் கூடுதல் நேரம் ஊற வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அளவோடு உண்பது நல்லது.

இந்தக் குழம்பு மரத்தை நம்பியது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியில் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் பெருமளவில் வீழ்த்தியது. நெல் போனால் அடுத்த பருவத்தில் நடலாம். வீழ்ந்த பலா மரத்துக்கு ஈடாகக் கன்று வைத்தால் காய்க்கப் பல ஆண்டு ஆகும். ஆகவே வீட்டு மனையில் இடமுள்ளவர்கள் ஒட்டுக் கன்று ஒன்றேனும் வைத்து வளர்ப்பது, மரத்துக்கும் சமையலுக்கும் செய்யும் காப்பு.

புது நோட்டு எழுதும் முறை

பழைய நோட்டை அப்படியே படி எடுப்பதால் பயன் குறைவு. பெரியவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு இருந்து எழுத வேண்டும். அவர்கள் கை நிறைய அள்ளியதைப் பாத்திரத்தில் போடுமுன் தட்டில் வாங்கி நிறுத்துக் குறிக்கவும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் பின்வருவனவற்றை எழுதுவது நலம்:

* அரிசி, பருப்பு, காய் ஆகியவற்றின் ரகப் பெயரும், கிடைத்த ஊரும்.
* அரிசி எத்தனை மாதம் பழகியது என்பது.
* சமைத்த மாதமும், எத்தனை பேர் உண்டார்கள் என்பதும்.
* தீயின் அளவும் நேரமும். விறகு அடுப்பா, காஸ் அடுப்பா என்பது.
* "பதம் வந்ததும்" என்று பெரியவர்கள் சொல்லும் இடத்தில், அந்தப் பதத்தின் நிறம், மணம், ஓசை.
* பெரியவர்கள் பயன்படுத்திய அளவுப் பாத்திரத்தின் கொள்ளளவு, மி.லி. கணக்கில்.

இப்படி எழுதிய நோட்டு சமையலறைக்கு மட்டுமன்றி வயலுக்கும் உதவும். எந்தக் கத்தரிக்கு வீட்டில் வரவேற்பு, எந்த அரிசியைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது தெரிந்தால், அதைப் பயிரிட உழவருக்குத் துணிவு பிறக்கும். பாட்டியோ அத்தையோ கைப்பக்குவத்தோடு இருக்கும் வீடுகளில் இந்த வேலையை வரும் மார்கழித் திருவாதிரைக் களியிலிருந்தே தொடங்கலாம். செலவு, ஒரு நோட்டும் ஒரு சிறு தராசும்தான்.